வாசகர் கேள்விகள்: ஃபாரடே வேண்டாமென்ற பணம்

போன இதழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயைப் பற்றி, "கடவுள் பக்தி நிறைந்தவர், கை நிறையச் சம்பாதிக்க வழியிருந்தும் விட்டவர்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறைய பேர் எழுதிவிட்டார்கள். சிலர் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்கள், சிலர் நம்பாமல் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க ஃபாரடேதான். ஒரே மாதிரி கேட்டிருந்தவர்களின் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

பணத்தை உதறினார் என்கிறீர்கள். இது உண்மையா, இல்லை பாடப்புத்தகத்தில் வரும் மகான் கதையா? எவ்வளவு பணம், யார் கொடுக்க வந்தார்கள்?
(கல்லூரி ஆசிரியர், சேலம்)

கதை இல்லை ஐயா, கணக்கு இருக்கிறது. ஃபாரடே வேலை பார்த்த லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் அவருக்குப் பிறகு அவர் இடத்துக்கு வந்த ஜான் டின்டால், ஃபாரடேயின் வரவுக் கணக்கைப் பார்த்து வருஷவாரியாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் காலத்தில் ஒரு நல்ல வேதியியல்காரருக்கு வெளிவேலை நிறைய வரும். தண்ணீரைச் சோதித்துச் சொல்ல வேண்டும், வெடிமருந்தைச் சோதிக்க வேண்டும், தொழிற்சாலைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும், கோர்ட்டில் நிபுணர் சாட்சியாக நிற்க வேண்டும். 1820-ல் ஒரு சர்க்கரை ஆலை தீப்பிடித்த இன்சூரன்ஸ் வழக்கில் ஃபாரடேயும் சாட்சி சொல்லியிருக்கிறார், பெரிய பெரிய விஞ்ஞானிகள் எதிரெதிர் தரப்பில் நின்று ஒருவரையொருவர் மறுத்துப் பேசிய வழக்கு அது. இந்த வெளிவேலைகளில் 1830-ல் அவருக்கு வந்தது 1,000 பவுண்டுக்கு மேல். 1831-ல் 1,090 பவுண்டு. அப்போது ராயல் இன்ஸ்டிடியூஷன் அவருக்குக் கொடுத்த சம்பளம் வருஷத்துக்கு 100 பவுண்டு, கூடவே மாடியில் குடியிருக்க இடம், அடுப்புக் கரி, மெழுகுவத்தி. அதாவது வெளிவேலையில் ஒரே வருஷத்தில் பத்து வருஷச் சம்பளம்.

1832-ல் அந்த 1,090 என்ன ஆயிற்று தெரியுமா? 155 பவுண்டு. 1837-ல் 92. 1838-ல் பூஜ்யம். அப்புறம் எப்போதாவது பத்து, இருபது என்று வந்து, 1845 முடிந்தபின் சாகும்வரை ஒரு காசு கிடையாது.

வேலை வராமல் போகவில்லை, வந்த வேலையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் சரியாக அந்த வருஷத்தில் என்று பார்த்தால் 1831 ஆகஸ்ட் 29-ல் போய் நிற்கும். அன்றைக்குத்தான் சுமார் ஆறு அங்குல அகலமுள்ள ஓர் இரும்பு வளையத்தில், இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செம்புக் கம்பியைச் சுற்றி, ஒரு பக்கத்தை பேட்டரியில் இணைத்தார். மறுபக்கக் கம்பியின் அருகில் வைத்திருந்த காந்த ஊசி ஒரு கணம் துடித்து, ஆடி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. பேட்டரியைக் கழற்றினார், மறுபடி ஒரு துடிப்பு. மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் இல்லை, ஆரம்பிக்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் துடிக்கிறது. இதை எளிதாகத் தவறவிட்டிருக்கலாம், பேட்டரியை இணைத்துவிட்டு நிதானமாகத் திரும்பி ஊசியைப் பார்ப்பவனுக்கு எதுவும் தெரியாது. அக்டோபர் 17-ல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செருகியும் இழுத்தும் மின்சாரம் வரவழைத்தார். அக்டோபர் 28-ல் பெரிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்சாரம் எடுத்தார். இன்றைக்கு நெய்வேலியிலும் மேட்டூரிலும் ஓடும் ஜெனரேட்டர், தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அந்த இரண்டு மாத வேலையின் வம்சம்தான்.

இப்படி ஒரு வாசல் திறந்த மனிதருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஆலைக்காரர்களின் வேலையைச் செய்து பணம் சேர்க்கலாம், இல்லை அந்த நேரத்தை வாசலுக்கு உள்ளே போகச் செலவு செய்யலாம். வெளிவேலையை வளர்த்திருந்தால் வருஷம் 5,000 பவுண்டு வந்திருக்கும், முப்பது வருஷத்தில் ஒன்றரை லட்சம் பவுண்டு என்று டின்டால் கணக்குப் போடுகிறார். அது டின்டாலின் ஊகம், கொஞ்சம் குறைத்துக்கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 1,090-லிருந்து 155 என்பது ஊகம் இல்லை. காப்புரிமையும் அவர் எதற்கும் வாங்கிக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் மனைவி மக்களை வறுமையில் தள்ளிவிட்டுத்தானே இந்தப் பெருமை? அதைத் தியாகம் என்று கொண்டாடலாமா?
(இல்லத்தரசி, திருநெல்வேலி)

நியாயமான கோபம் அம்மா. ஆனால் ஃபாரடே விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. டின்டால் அவரை ஏழையாகச் செத்தார் என்று எழுதியிருக்கிறார், அது எனக்குக் கொஞ்சம் மிகையாகவே படுகிறது. குடியிருக்க வாடகையில்லாத இடம் இருந்தது. வூல்விச் ராணுவக் கல்லூரியில் 1830 முதல் இருபது வருஷத்துக்கு மேல் வேதியியல் நடத்தினார், அதில் சம்பளம். 1833-ல் ஒரு புரவலர் ஏற்படுத்திய பேராசிரியர் பதவி, அதில் வருஷம் 100 பவுண்டு. 1836 முதல் கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கும் டிரினிட்டி ஹவுஸின் ஆலோசகர், அதில் 200. அரசாங்க ஓய்வூதியம் 300. கணவன் மனைவி இரண்டு பேர், பிள்ளைகள் இல்லை, பிற்பாடு மனைவி சாராவின் உறவுப் பெண் கூட இருந்தாள். கஷ்டமில்லாத குடும்பம்தான்.

வறுமை அவர் சின்ன வயதில் பார்த்தது. அப்பா கொல்லர், உடம்பு முடியாதவர். 1801-ல் தானிய விலை ஏறியபோது ஒரு ரொட்டியை ஒரு வாரத்துக்கு வைத்துச் சாப்பிட்ட பிள்ளை அவர். 13 வயதில் புத்தகக் கடைக்கு எடுபிடியாகப் போய், அப்புறம் ஏழு வருஷம் பைண்டிங் கற்றுக்கொண்டார். பசியோடு வளர்ந்தவர்கள் பெரும்பாலும் பணம் கண்ணில் பட்டால் விடமாட்டார்கள், அதற்காக நாம் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இவருக்கு 'போதும்' என்று ஓர் அளவு எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. டிரினிட்டி ஹவுஸ் வேலையைப் பற்றிக் கடிதம் எழுதும்போது சொல்கிறார்: என் நேரத்தை நினைத்தபோது பணமாக மாற்றிக்கொள்ள என்னால் முடியும், ஆனால் தேவைக்கு மேல் பணம் எனக்கு வேண்டியதில்லை, ஆகவே 200 பவுண்டு போதுமானது. அதோடு நிறுத்தவில்லை, இந்தத் தொகையை வைத்து வேலையின் தகுதியை எடைபோட்டுவிடாதீர்கள் என்றும் சேர்த்து எழுதுகிறார். என்னைக் கேட்டால் இந்தக் கடிதம்தான் அவரைப் புரிந்துகொள்ளச் சரியான இடம். பணத்தின் மேல் வெறுப்பு இல்லை, வாங்கிக்கொள்கிறார். தன் மதிப்பு எவ்வளவு என்பதும் தெரிந்திருக்கிறது. நேரத்தை விற்கத்தான் மனமில்லை.

மதிப்பு தெரியும் என்பதற்கு அந்த ஓய்வூதியக் கதையே சாட்சி. 1835-ல் பிரதமர் மெல்போர்ன் பிரபு அவரைக் கூப்பிட்டுப் பேசும்போது, விஞ்ஞானிகளுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஓய்வூதியம் கொடுப்பதே சுத்தப் பித்தலாட்டம் என்ற மாதிரி வார்த்தையை விட்டுவிட்டார். ஃபாரடே எழுந்து வந்து, அன்று சாயங்காலமே எனக்கு வேண்டாம் என்று சீட்டு எழுதி அனுப்பினார். பெரிய மனிதர்கள் சமாதானம் பேச வந்தார்கள். பிரதமர் எழுத்தில் வருத்தம் தெரிவித்தால்தான் பேச்சு என்றார் கொல்லன் மகன். பிரதமர் எழுதிக் கொடுத்தார், அப்புறம்தான் வாங்கிக்கொண்டார்.

அவர் என்ன மதம்? கிறிஸ்தவர் என்றால் எந்தச் சபை? பக்தி என்றால் எப்படிப்பட்ட பக்தி?
(பல வாசகர்கள்)

சாண்டமேனியன் என்று ஒரு சின்னஞ்சிறு சபை. ஸ்காட்லாந்தில் 1730 வாக்கில் ஜான் கிளாஸ் என்பவர் அரசாங்கத் திருச்சபையிலிருந்து பிரிந்து ஆரம்பித்தது, அவருடைய மருமகன் ராபர்ட் சாண்டமேன் பெயரில் இங்கிலாந்தில் வழங்கியது. ஃபாரடேயின் அப்பா வழியாகவே குடும்பத்துக்கு வந்தது. லண்டனில் பார்பிகன் பக்கம் பால்ஸ் ஆலி என்ற சந்தில் கூடுவார்கள். சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது, சபையார் தங்களுக்குள்ளேயே மூப்பர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை, நடுவில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு, மறுபடி ஆராதனை. அந்தச் சாப்பாட்டில் பணக்காரர் ஏழை எல்லாரும் ஒரே மேஜை. எந்த முடிவும் ஒருமனதாக எடுக்க வேண்டும். பூமியில் பொக்கிஷம் சேர்க்காதே என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதை மற்ற சபைகள் அலங்காரமாக எடுத்துக்கொள்ளும், இவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தேவைக்கு மேல் இருப்பது ஏழைகளுக்குப் போக வேண்டும், எதிர்காலத்துக்கென்று குவித்து வைப்பது கடவுளை நம்பாததற்குச் சமம்.

இதைச் சொன்னால்தான் முன்னால் சொன்ன வரவுக் கணக்கு புரியும். 1832-ல் அவர் எடுத்த முடிவு திடீர் ஞானோதயம் இல்லை, பதினோரு வருஷமாக வாராவாரம் அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் எடுத்த முடிவு. 1821 ஜூன் 12-ல் சாரா பர்னார்டைக் கல்யாணம் செய்துகொண்டார், அவளும் அதே சபைக் குடும்பம். ஒரு மாதம் கழித்து சபையார் முன்னால் எழுந்து நின்று தன் விசுவாசத்தை அறிக்கையிட்டு முறைப்படி சேர்ந்தார். மனைவியிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, அது எனக்கும் என் கடவுளுக்கும் நடுவில் உள்ளது என்றாராம். அதே வருஷம் செப்டம்பரில்தான் மின்சாரம் ஓடும் கம்பியை ஒரு காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார், இன்றைய மோட்டாரின் ஆதி அது.

1840-ல் மூப்பரானார். பிரசங்கமும் செய்திருக்கிறார். மேடையில் அறிவியல் பேசினால் கூட்டம் மெய்மறந்து கேட்கும், சபையில் பேசினால் வேதவசனங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போவார், சப்பென்று இருக்கும் என்று கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அறிவியல் அவர் கண்டுபிடித்தது, அதில் அவர் குரல் இருக்கும். வேதம் அவருக்குக் கொடுக்கப்பட்டது, அதில் தன் குரலைச் சேர்க்க அவர் விரும்பவில்லை.

விஞ்ஞானிகளே கடவுளை நம்பினார்கள், ஆகவே ஆன்மிகமும் அறிவியலும் ஒன்றுதான் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் ஃபாரடே பெயரும் வருகிறது. உங்கள் கருத்து?
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

அந்த மாதிரிச் செய்தியை ஃபாரடேயிடம் காட்டியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். கவிஞர் பைரனின் மகளும் கணிதக்காரியுமான ஏடா லவ்லேஸ் 1844-ல் அவருடைய மதத்தைப் பற்றி விசாரித்து எழுதினாள். பதிலில், என் மதத்தில் தத்துவம் எதுவும் இல்லை, மிகச் சிறிய, மற்றவர்கள் இளக்காரமாகப் பார்க்கும் ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான் என்று எழுதினார். அறிவியலை வைத்துக் கடவுளை நிரூபிக்கும் வேலையில் அவர் இறங்கவே இல்லை. 1854-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மனதைப் பழக்குவது பற்றி ஓர் உரை நிகழ்த்தினார், ராணியின் கணவர் ஆல்பர்ட்டே வந்து உட்கார்ந்திருந்தார். அதில் ஃபாரடே, மத நம்பிக்கைக்கும் மற்ற நம்பிக்கைகளுக்கும் நடுவில் நான் கோடு போடுகிறேன், இதைப் பலவீனம் என்று நீங்கள் சொன்னால் அந்தப் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது. அந்தக் கோடு சரியா என்று நாத்திகரும் ஆத்திகரும் அவரோடு சண்டை போடலாம், ஆனால் ஒளித்து வைத்து விளையாடவில்லை.

இன்னொரு சம்பவம். 1853-ல் லண்டன் முழுக்க மேஜை சுற்றும் பைத்தியம். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதன்மேல் கையை வைத்தால், ஆவி வந்து மேஜையை நகர்த்துகிறது என்றார்கள். நம்மூர் ஹாஸ்டல்களில் டம்ளரைக் கவிழ்த்து ஆவியைக் கூப்பிடுவார்களே, அந்த ரகம். மின்சாரம், காந்தம் என்றெல்லாம் விளக்கம் வேறு. ஃபாரடே அட்டைத் துண்டுகளை எடுத்து, நடுவில் மெழுகு மாதிரி இளகிய பசையை உருண்டை உருண்டையாக வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேஜைமேல் வைத்து, அதன்மேல் கையை வைக்கச் சொன்னார். மேஜை நகர்ந்து கையை இழுத்துப் போனால் கீழ் அட்டை முந்திக்கொள்ளும், கை மேஜையைத் தள்ளினால் மேல் அட்டை முந்திக்கொள்ளும். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. அடுத்ததாக, கை துளி நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கும் ஒரு துரும்பு முள்ளைப் பொருத்தி, உட்கார்ந்தவர்களின் கண்ணெதிரே வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மேஜை அசையவே இல்லை. உட்கார்ந்தவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, தெரியாமலேயே தள்ளியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். அவ்வளவு பக்தியுள்ளவர்தான் இதைச் செய்தார் என்பதை அந்த வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்புங்கள்.

சரி, நம்பிக்கை அவருடைய ஆராய்ச்சியைத் தொடவே இல்லையா என்றால், தொட்டது. ஒரே படைப்பாளி என்று நம்பியவர், இயற்கையின் சக்திகளும் ஒரே வேரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று நம்பினார். அந்த எண்ணத்தோடு தேடித்தான் 1845-ல் காந்தம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பும் என்பதைக் கண்டுபிடித்தார். அதே எண்ணத்தோடு 1849-ல் ஈர்ப்புவிசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு தேடினார், பொருள்களை உயரத்திலிருந்து விழவைத்துப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றே எழுதி வெளியிட்டார், இருந்தாலும் தொடர்பு இருக்கும் என்ற என் உணர்வு அசையவில்லை, ஆனால் இதில் சான்று எதுவும் இல்லை என்று. எங்கே தேடுவது என்பதை நம்பிக்கை சொல்லியிருக்கலாம், என்ன கிடைத்தது என்பதை ஊசிமுள்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்.

ராணி விருந்துக்குப் போனதற்காக அவரைச் சபையிலிருந்தே தள்ளிவிட்டார்களாமே?
(மாணவி, நாகர்கோவில்)

1844-ல் சில வாரங்கள் விலக்கி வைத்து, பிறகு சேர்த்துக்கொண்டார்கள் என்பது நிஜம். ராணி விருந்து என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட கதையாகவே தெரிகிறது. அந்தச் சமயத்தில் அவரோடு இன்னும் பலரையும் விலக்கினார்கள், அத்தனை பேருமா ராணி வீட்டில் சாப்பிட்டார்கள்? சபைக்குள் ஒழுங்கு பற்றி ஏற்பட்ட தகராறு. மூப்பர் பதவி 1860-ல்தான் திரும்ப வந்தது. உலகமே கொண்டாடிய மனிதர், அந்தச் சின்னக் கூட்டத்தின் தண்டனையை ஏற்றுக்கொண்டு காத்திருந்தார் என்பது ராணி கதையைவிடப் பெரிய விஷயம் இல்லையா?

ஆராய்ச்சி அவருக்குப் பிடித்த வேலை. பிடித்ததைச் செய்ய நேரம் ஒதுக்கினார். இதில் சேவை எங்கே வருகிறது?
(மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

நல்ல கேள்வி, இந்தக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். ஆராய்ச்சியை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நேரம் போய்விடும் என்று ஆலைக்காரர்களிடம் மறுத்தவர், வேறு சிலருக்கு அந்த நேரத்தைத் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்.

1844 செப்டம்பரில் ஹாஸ்வெல் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து, 95 பேர் செத்துப்போனார்கள். அரசாங்கம் ஃபாரடேயையும் நிலவியல் அறிஞர் சார்ல்ஸ் லயலையும் அனுப்பியது. சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். காற்றோட்டத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று ஃபாரடே கேட்க, ஒருவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை எடுத்து மெழுகுவத்தித் தீயில் போட்டு, புகை நகர்வதைக் காட்டியிருக்கிறார். மருந்துப் பையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஃபாரடே விசாரித்தபோது, நீங்கள் உட்கார்ந்திருப்பது அதன்மேல்தான் என்று பதில் வந்தது, வந்தவருக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விபத்தில் வாயு மட்டும் காரணமில்லை, கரித்தூளும் சேர்ந்து எரிந்திருக்கிறது என்று அவர்கள் அறிக்கையில் எழுதினார்கள். அதற்குரிய கவனம் கிடைக்காமல் அதற்குப் பிறகும் பல சுரங்கங்களில் பலர் செத்தார்கள் என்பது வேதனை.

கலங்கரை விளக்க வேலையில் அவர் சும்மா பெயருக்கு ஆலோசகராக இருக்கவில்லை. எண்ணெய் விளக்குப் புகை கண்ணாடியில் படிந்து வெளிச்சத்தை மறைக்கிறது என்று, புகையை வெளியே இழுக்கும் குழாயமைப்பு ஒன்றை உருவாக்கினார். அதன் காப்புரிமையைத் தன் அண்ணன் ராபர்ட்டிடம் விட்டுவிட்டார். 1858-ல் டோவருக்குப் பக்கத்தில் சவுத் ஃபோர்லண்டில் மின்விளக்கைப் பரீட்சித்தார்கள், காந்தத்தின் அருகே கம்பிச் சுருளைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும் இயந்திரம், அதாவது 1831-ல் அவர் கண்டதே தான். 1860 பிப்ரவரியில் அதைச் சோதிக்கக் கிளம்பினார். வழியில் பனிப்புயல், ரயிலே கிட்டத்தட்டச் சிக்கிக்கொண்டது. மறுநாள் சாலையெல்லாம் மூடிக் கிடந்ததால் லண்டன் திரும்பினார். அதே வாரம் வெள்ளிக்கிழமை மறுபடி கிளம்பினார். அப்போதும் சாலை திறக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி, வேலியையும் சுவரையும் ஏறித் தாண்டி, வயல்வழியாக நடந்து ராத்திரியில் விளக்குக்குப் போய்ச் சேர்ந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு அறிக்கையில் இதையும் ஒரு வரியாக எழுதி வைத்தார். அப்போது அவருக்கு 68 வயது, ஞாபகமறதியால் வருஷக்கணக்காக அவதிப்பட்டுக்கொண்டிருந்தவர். அந்த 200 பவுண்டுக்கு இவ்வளவு செய்யத் தேவையில்லை. கடலில் இருக்கிற மாலுமிக்கு வெளிச்சம் தெரிகிறதா இல்லையா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

குழந்தைகளையும் சொல்ல வேண்டும். ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்கு அறிவியல் உரைகள் 1825-ல் தொடங்கின. ஃபாரடே மட்டும் 19 வருஷம் அவற்றை நடத்தினார். ஒரே ஒரு மெழுகுவத்தியை மேஜையில் வைத்துக்கொண்டு ஆறு உரைகள் பேசியது அங்கேதான்.

நம் நாட்டில் இப்படி யாராவது உண்டா?
(பலர்)

கம்பியில்லா மின்னலைகளை ஆராய்ந்த ஜகதீஷ் சந்திர போஸ். வேடிக்கை என்னவென்றால் அவர் கதையும் ஃபாரடேயின் அதே கட்டடத்தில்தான் நடக்கிறது. 1901 மே மாதம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் வெள்ளிக்கிழமை உரை நிகழ்த்தினார், அந்த வெள்ளிக்கிழமை உரைகளைத் தொடங்கி வைத்ததே ஃபாரடே. அந்தச் சமயத்தில் லண்டனிலிருந்து தாகூருக்குக் கடிதம் எழுதினார். பெரிய தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர் காப்புரிமை விண்ணப்பத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார், உரையில் எல்லா ரகசியத்தையும் சொல்லிவிடாதீர்கள், இதில் பணம் இருக்கிறது, பாதி லாபம் எனக்கு, செலவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார், ஒரு கோடீஸ்வரர் இன்னும் கொஞ்சம் லாபத்துக்காகப் பிச்சைக்காரரைப் போல என்னிடம் வந்து நின்றார், இந்தப் பொறியில் ஒருமுறை சிக்கினால் எனக்கு மீட்சி இல்லை என்கிறார் போஸ். கடைசியில் விவேகானந்தரின் சீடர்களான நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் விடாமல் வற்புறுத்தி ஒரு அமெரிக்கக் காப்புரிமை எடுக்க வைத்தார்கள், 1904-ல் அது கிடைத்தது, அதிலிருந்தும் அவர் பணம் பண்ணவில்லை.

இவரும் பணத்தின் அருமை தெரியாதவர் அல்ல. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வெள்ளைக்காரப் பேராசிரியர்களைவிடக் குறைத்துச் சம்பளம் கொடுத்ததற்காக, மூன்று வருஷம் சம்பளத்தையே தொடாமல் பாடம் நடத்தி, கடைசியில் முழுச் சம்பளத்தையும் மொத்தமாக வாங்கினார். அப்பாவின் கடனை அடைக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான் இருந்தது. 1917 நவம்பர் 30-ல் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தபோது, இது வெறும் ஆய்வுக்கூடம் இல்லை, கோயில் என்று சொல்லித்தான் அர்ப்பணித்தார். பிரம்ம சமாஜக் குடும்பத்தில் வளர்ந்தவர். சாண்டமேனியன் சபைக்கும் அதற்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கும், பணத்தின் முன்னால் இருவரும் நின்ற விதம் மட்டும் ஒன்று.

என் மகன் பி.டெக். முடித்துக் கிடைத்த கம்பெனி வேலையை வேண்டாமென்று, ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறான். உங்கள் போன இதழைக் காட்டி என்னை மடக்குகிறான். என்ன சொல்லட்டும்?
(ஒரு தந்தை, கோயம்புத்தூர்)

முதலில், அவனைத் திட்டாதீர்கள். ஆனால் ஃபாரடேயை முழுதாகச் சொல்லுங்கள். அவருக்கு மாடியில் வீடு இருந்தது, கரி இருந்தது, தலைக்கு மேல் கல்விக்கடன் இல்லை. அவர் வேண்டாமென்று சொன்னது உபரியை, சோற்றை இல்லை. சாப்பாட்டுக்கே வழி செய்யாமல் இளைஞர்களிடம் தியாகம் பேசுகிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இன்றைக்கு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. கம்பெனிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரியலாம், ஒரு ஆள் சாப்பிட்டு உயிர்வாழ முடியாத தொகை இல்லை. உங்கள் வீட்டுக் கடன், உங்கள் ஓய்வுக்காலம், அவன் கைகொடுத்தே ஆக வேண்டிய நிலையா, இதையெல்லாம் மறைக்காமல் ஒரு தாளில் எழுதி அவன் முன்னால் வையுங்கள். பெரியவனைப் போல நடத்தினால் பெரியவனைப் போல யோசிப்பான்.

அப்புறம் இன்னொன்று. புத்தக பைண்டராக இருந்தபோது ஃபாரடே வேலை கேட்டு ராயல் இன்ஸ்டிடியூஷனின் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவிக்கு எழுதினார். வியாபாரம் சுயநலம் பிடித்தது, அறிவியலில் இருப்பவர்கள் பெரிய மனசுக்காரர்கள், அங்கே வந்துவிட ஆசைப்படுகிறேன் என்று. டேவி சிரித்துவிட்டு, விஞ்ஞானிகளின் பெருந்தன்மை பற்றி நீயே சில வருஷத்தில் தெரிந்துகொள்வாய், பேசாமல் பைண்டிங்கையே பார், எங்கள் புத்தகங்களையும் உனக்கே தருகிறேன் என்றார். கடைசியில் வாரம் 25 ஷில்லிங்குக்கு வேலையும் கொடுத்தார். பத்து வருஷம் கழித்து, ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தில் உறுப்பினராக ஃபாரடேயின் பெயர் வந்தபோது எதிர்த்தவரும் அதே டேவிதான். ஓட்டெடுப்பில் விழுந்த எதிர்ப்பு ஓட்டு ஒன்றே ஒன்று. ஃபாரடே அதற்குப் பிறகும் டேவியைப் பற்றிக் குறைவாகப் பேசவில்லை, லேபை விட்டும் போகவில்லை.

ஆகவே உங்கள் மகன் எந்த லேபுக்குப் போகிறான் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த கைடிடம் முடித்து வெளியே போன மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் அவன் பேசட்டும், எத்தனை வருஷம் ஆயிற்று, உதவித்தொகை நேரத்துக்கு வந்ததா, கட்டுரையில் யார் பெயர் முதலில் போட்டார்கள் என்று கேட்கட்டும். கம்பெனியில் சேரும் தேதியை ஆறு மாதம் தள்ளிக் கேட்க முடியுமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த லேபைப் பார்க்கப் போகிற அன்றைக்கு நீங்களும் கூடப் போங்கள்.